அச்சிட்ட விலையும் கொடுத்த விலையும்

இசை நிகழ்ச்சிக்குரிய நுழைவுச்சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும் விலையை வணிக வழக்கில் முகவிலை என்பர். அரிசிக்கும் துணிக்கும் உள்ள விலையைப் போல இதுவும் ஒரு விலைதான் என்று மேலோட்டமாகப் பார்ப்பவருக்குத் தோன்றலாம்; ஆனால் அரிசி விலையில் இல்லாத ஒன்று இதில் உண்டு. 20,000 பேர் அமரும் அரங்கில் பாடவிருக்கும் ஒருவரைக் கேட்க 2 லட்சம் பேர் காத்திருக்கும்போது, அவர்களுள் பணவசதி மிக்க 20,000 பேர் மட்டுமே எட்டிப் பிடிக்கும் உயரத்துக்கு விலையை ஏற்ற முடியும் என்று தெரிந்திருந்தும், கலைஞர்களுள் பலர் அப்படிச் செய்வதில்லை. தம் பாட்டை முதலில் கேட்டுப் பரப்பியவர்கள் மாணவர்களும் சிறு சம்பளக்காரர்களும்தான் என்ற நன்றியினாலும், உண்மையான ரசிகர் இல்லாத அரங்கில் பாட்டு எழும்பாது என்ற தொழிலறிவினாலும் அவர்கள் விலையை வேண்டுமென்றே தாழ்த்தி வைக்கிறார்கள். ஆகவே முகவிலை என்பது கலைஞர் ரசிகருக்குக் கொடுக்கும் வாக்கு. சந்தையில் கிடைத்திருக்கக்கூடிய விலைக்கும் அதற்கும் இடைப்பட்ட தொகை, ரசிகருக்காகக் கலைஞர் விட்டுக்கொடுத்த தொகை. அத்தொகை ரசிகரிடம் போய்ச் சேர்கிறதா, சேரவில்லையெனில் நடுவழியில் யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதே இவ்வுரையின் பொருள். இதுபற்றிய வழக்குகளும் விசாரணைகளும் ஆவணங்களும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மிகுதியாகக் கிடைப்பதால், உரை பெரும்பாலும் அந்நாட்டையே சார்ந்து செல்கிறது.

சீட்டை முகவிலைக்கு வாங்கி அதைவிட அதிக விலைக்கு விற்பதைத் தமிழ்நாட்டார் 'பிளாக்கில் விற்பது' என்பர். புதுப்படம் வெளியாகும் நாளில் திரையரங்க வாசலில் கேட்ட அந்தத் தணிந்த குரல் ஒரு தலைமுறைக்கே பழக்கமானது. அமெரிக்கர்கள் இதை ஸ்கால்பிங் என்றும், செய்பவரை ஸ்கால்பர் என்றும் சொல்கிறார்கள். இச்சொல் இசையரங்கிலிருந்து பிறந்ததன்று. நெடுந்தொலைவு ரயில் டிக்கெட்டுகளில் பயணம் செய்யாமல் எஞ்சிய பகுதியை வாங்கி வேறொருவருக்கு விற்றுப் பிழைத்த 19ஆம் நூற்றாண்டுத் தரகர்களுக்கே முதலில் இப்பெயர் வழங்கியது. அந்த ரயில் தரகர் ரயில் நிறுவனத்தின் விலையைவிடக் குறைத்து விற்றவர் என்பதும், அதனால் பயணிக்கு ஓரளவு நன்மையே செய்தவர் என்பதும் இங்கே கருதத்தக்கவை. அரங்க வாசலுக்கு வந்தபோது பெயர் மாறாமலேயே தொழில் நேரெதிராகத் திரும்பிவிட்டது.

விலையை ஏற்றி விற்கும் வழக்கமும், விலைக்கு மேல் கட்டணம் வாங்கும் வழக்கமும் கணினி வந்தபின் தோன்றியவை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. வரலாறு அதற்கு இடம் தரவில்லை. சுவீடன் நாட்டுப் பாடகி ஜென்னி லிண்டை அமெரிக்காவுக்கு அழைத்துவந்த பி. டி. பார்னம், 1850 செப்டம்பரில் நியூயார்க்கின் காசில் கார்டன் அரங்கில் அவருடைய முதல் நிகழ்ச்சிக்குரிய சீட்டுகளை ஏலம் விட்டார். முதல் சீட்டை ஜெனின் என்னும் தொப்பி வணிகர் 225 டாலருக்கு எடுத்து, அதனாலேயே நாடெங்கும் பெயர் பெற்றார். முதல் நாளில் 1,000 சீட்டுகள் 10,141 டாலருக்குப் போயின என்று பார்னமே தம் வரலாற்றில் கணக்குக் காட்டியிருக்கிறார். அதே பக்கத்தில் அவர் குறிப்பிடும் இன்னொரு செய்தி நம் பொருளுக்கு மிக முக்கியமானது: ஏலத்துக்கு வந்த மூவாயிரம் பேரிடமும் அரங்கத்தார் தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டே உள்ளே விட்டனர். சீட்டு வாங்க முயல்வதற்கே ஒரு கட்டணம், அதுவும் பாடுபவருக்கன்றி இடத்துக்கு உரியவருக்குச் சேரும் கட்டணம், 1850இலேயே இருந்திருக்கிறது. அடுத்த தலைமுறையில், 1867ஆம் ஆண்டின் இறுதியில், சார்லஸ் டிக்கன்ஸ் தம் நூல்களை மேடையில் வாசிக்க அமெரிக்கா வந்தபோது சீட்டின் விலை 2 டாலர். கூலிக்கு ஆள்களை அமர்த்தி, இரவெல்லாம் தெருவில் படுக்கவைத்து, விடிந்ததும் வரிசையின் முன்பகுதியைப் பிடித்துக்கொண்ட வணிகர்கள் அதைப் பல மடங்கு விலைக்கு விற்றார்கள்.

அரசு இதைத் தடுக்க முயன்றபோது நீதிமன்றம் குறுக்கே நின்றது. நாடகச் சீட்டுகளை முகவிலைக்கு மேல் 50 சென்டுக்கு அதிகமாக வைத்து விற்கக் கூடாது என்று நியூயார்க் மாநிலம் இயற்றிய சட்டத்தை, 1927இல் டைசன் எதிர் பான்டன் என்னும் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில் செல்லாததாக்கியது. நாடக அரங்கு பொதுநலன் சார்ந்த தொழிலன்று, ஆகவே அங்கே விலையை வரையறுக்க அரசுக்கு உரிமையில்லை என்பது பெரும்பான்மையின் வாதம். நீதிபதி ஹோம்ஸ் உள்ளிட்ட நால்வர் மாறுபட்டனர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, 1965இல், அதே மாநிலத்தின் ஒன்றரை டாலர் வரம்பை அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் 2007இல் மாநிலமே மறுவிற்பனை விலை வரம்பைக் கைவிட்டுவிட்டது. மறுவிற்பனை இணையத்துக்குக் குடிபெயர்ந்து பெருந்தொழிலாக வளரத் தொடங்கிய காலத்தில், அதற்கிருந்த பழைய வேலியும் அகற்றப்பட்டது.

இனி, கட்டணம் என்பது எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரே ஒரு ரசீதை வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. 2023இல் ஆங்கிலேய இசைக்குழுவான தி கியூர் வட அமெரிக்காவில் சுற்றுப்பயணம் அறிவித்தபோது, அதன் பாடகர் ராபர்ட் ஸ்மித் விலைகளைத் தாழ்த்தி வைப்பதில் பிடிவாதமாக இருந்ததால், சில இருக்கைகள் 20 டாலருக்கே விற்பனைக்கு வந்தன. அந்நாட்டில் அத்தகைய குழுவுக்கு அது மிகக் குறைந்த விலை. மார்ச் மாதம் பலரும் பார்க்கும்படி வெளியான ஒரு ரசீதில் 20 டாலர் சீட்டுகள் நான்கு. அவற்றின் விலை 80 டாலர். அதன் கீழே சேவைக் கட்டணம் என்று சீட்டு ஒன்றுக்கு 11.65 டாலர் வீதம் 46.60, அரங்கக் கட்டணம் என்று சீட்டு ஒன்றுக்கு 10 டாலர் வீதம் 40, அதற்கும் கீழே, ஆர்டரைக் கையாள்வதற்கான கட்டணம் என்று 5.50. ஆக மொத்தம் 172.10 டாலர். பாடுபவர்களுக்கும் நிகழ்ச்சிக்கும் உரிய விலை 80. வாங்கியதற்காகக் கட்டிய விலை 92.10. சீட்டு அச்சிடப்படுவதில்லை, அஞ்சலில் அனுப்பப்படுவதில்லை, கைப்பேசித் திரையில் பார்கோடாக வந்து நிற்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், ஆர்டரைக் கையாள்வதற்கென்று தனியே ஒரு தொகை எதற்கு என்ற கேள்வி எவர்க்கும் எழும். ஸ்மித் வெளிப்படையாகச் சினந்தார். அதன்பின் டிக்கெட்மாஸ்டர் நிறுவனம் குறைந்த விலைச் சீட்டுகளுக்குத் தலா 10 டாலரும், மற்றவற்றுக்குத் தலா 5 டாலரும் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டது. திருப்பிக் கொடுக்க முடிந்த தொகை தொடக்கத்தில் எதற்காக வாங்கப்பட்டது என்பதற்கு விடை தேடப் போனால், அந்நிறுவனத்தின் பிறப்புக்கே போக வேண்டியிருக்கிறது.

டிக்கெட்மாஸ்டர் 1976இல் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் ஒரு சிறு கணினி நிறுவனமாகத் தொடங்கியது. அப்போது இத்தொழிலில் முன்னணியில் இருந்த டிக்கெட்ரான், சீட்டு விற்றுத் தருவதற்காக அரங்குகளிடமிருந்து கூலி பெற்றது. அதாவது அரங்கு முதலாளி, சீட்டு நிறுவனம் வேலைக்காரன். 1982இல் டிக்கெட்மாஸ்டரின் தலைவரான ஃபிரெட் ரோசன் இந்த உறவைத் தலைகீழாக்கினார். அரங்குகளிடம் பணம் கேட்பதற்குப் பதிலாக அரங்குகளுக்குப் பணம் கொடுத்தார். பல ஆண்டுகளுக்குத் தங்களைத் தவிர வேறெவரும் சீட்டு விற்கக் கூடாது என்ற தனியுரிமை ஒப்பந்தத்துக்கு ஈடாக முன்பணமும், ரசிகரிடம் வாங்கும் சேவைக் கட்டணத்தில் பங்கும் அளித்தார். கட்டணம் உயர உயர அரங்கின் பங்கும் உயர்ந்ததால், கட்டணத்தைக் குறைக்கச் சொல்ல அரங்குக்குக் காரணமே இல்லாமற் போயிற்று. 1991இல் டிக்கெட்ரானே விலைக்கு வாங்கப்பட்டது. போட்டி நிறுவனங்கள் பொதுவாக விலை குறைப்பதற்குப் போட்டியிடும். இத்தொழிலில் போட்டி, அரங்குகளுக்கு யார் அதிகப் பணம் தருவது என்பதற்காக நடந்தது, அப்பணமோ ரசிகரின் பையிலிருந்து வந்தது. சீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் அரங்கே. ரசிகர் அவ்விருவரும் பங்கிட்டுக்கொள்ளும் வருவாயின் ஊற்று மட்டுமே. இதைப் புரிந்துகொள்ளாதவரைக்கும் இத்துறையில் நடப்பது எதுவும் விளங்காது. ரசிகரின் கோபம் முழுவதும் சீட்டு நிறுவனத்தின் பெயர்மீது விழுவதால், அரங்குகளும் நிகழ்ச்சி நடத்துவோரும், சில வேளைகளில் கலைஞர்களின் மேலாளர்களும், பங்கை வாங்கிக்கொண்டே பழியின்றி இருக்க முடிகிறது.

இதை எதிர்த்து முதலில் எழுந்த பெரிய குரல் சியாட்டில் நகரத்து இசைக்குழுவான பெர்ல் ஜாமுடையது. சீட்டின் விலை 18 டாலர், கட்டணம் அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 1.80 டாலருக்கு மேற்படாமல், மொத்தம் 20 டாலருக்குள் அடங்க வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது. 1994 மே மாதம் அவர்கள் அமெரிக்க நீதித்துறையிடம் முறையிட்டார்கள்; ஜூன் 30ஆம் நாள் குழுவைச் சேர்ந்த ஸ்டோன் கோசார்டும் ஜெஃப் அமென்ட்டும் நாடாளுமன்றக் கீழவையின் துணைக்குழு முன்பு சாட்சியம் அளித்தார்கள். புகழின் உச்சியில் இருந்த குழு அந்தக் கோடைச் சுற்றுப்பயணத்தையே விட்டுக்கொடுத்தது. அடுத்த ஆண்டு டிக்கெட்மாஸ்டருடன் ஒப்பந்தம் இல்லாத இடங்களாகத் தேடி நிகழ்ச்சி நடத்த முயன்றது. பெரிய அரங்குகள் அந்நிறுவனத்துடன் கட்டுண்டு கிடந்ததால், பொருட்காட்சித் திடல்களையும் ஒதுக்குப்புற மைதானங்களையும் நாட வேண்டியிருந்தது. 1995 ஜூலையில் நீதித்துறை விசாரணையை முடித்துக்கொள்வதாகச் சுருக்கமாக அறிவித்தது. 1998இல் பெர்ல் ஜாம் மீண்டும் டிக்கெட்மாஸ்டர் வழியே சீட்டு விற்றது. ஒரு குழு தன் வருவாயை இழந்து ரசிகருக்காகப் போராடி, நாட்டின் நீதித்துறையிடமிருந்து எந்த உதவியும் பெறாமல் திரும்பியது என்பதே அந்நிகழ்ச்சியின் பொருள்; இன்று கலைஞர்கள் ஏன் பேசுவதில்லை என்று கேட்போர் இதை மறக்கலாகாது.

பின்னர் நிலைமை இன்னும் இறுகியது. 2010இல் டிக்கெட்மாஸ்டரும், உலகின் மிகப் பெரிய நிகழ்ச்சி நடத்தும் நிறுவனமான லைவ் நேஷனும் ஒன்றாக இணைய நீதித்துறை சில நிபந்தனைகளுடன் இசைவளித்தது. நிகழ்ச்சி நடத்துபவர், பல அரங்குகளின் உரிமையாளர், சீட்டு விற்பவர் ஆகிய மூன்று பாத்திரங்களும் ஒரே நிறுவனத்துக்குள் வந்தன. தங்கள் சீட்டு முறையை ஏற்காத அரங்குகளைப் பழிவாங்கக் கூடாது என்ற நிபந்தனை மீறப்பட்டதாகக் கண்ட நீதித்துறை, 2020இல் அந்நிபந்தனைகளின் காலத்தை நீட்டித்தது. 2024 மே 23ஆம் நாள் நீதித்துறையும் பல மாநிலங்களும் சேர்ந்து, இந்நிறுவனத்தைப் பிரிக்க வேண்டும் என்று கோரி நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தன. பெரிய இசையரங்குகளின் முதல் விற்பனையில் 80 விழுக்காடோ அதற்கு மேலோ அதன் கையில் இருப்பதாக மனு கூறியது. நிறுவனம் இக்குற்றச்சாட்டுகளை மறுத்தது.

கட்டணத்தைப் போலவே, அது காட்டப்படும் முறையும் ஆராயத்தக்கது. முதலில் சிறிய விலையைக் காட்டி, வாங்குபவர் இருக்கையைத் தேர்ந்து, பெயரும் அட்டை எண்ணும் எழுதி முடித்த பின் கடைசித் திரையில் கட்டணங்களைச் சேர்ப்பதைப் பொருளியலார் சொட்டு விலை என்ற கருத்துப்பட அழைக்கிறார்கள். ஸ்டப்ஹப் என்னும் மறுவிற்பனை நிறுவனம் 2015இல் தன் வாடிக்கையாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு முழுத் தொகையைத் தொடக்கத்திலும் மறு பிரிவினர்க்கு இறுதியிலும் காட்டிச் சோதித்தது. அதன் முடிவுகளை ஆராய்ந்த பொருளியலார், இறுதியில் கட்டணத்தைக் கண்டவர்கள் ஏறத்தாழ 20 விழுக்காடு அதிகம் செலவிட்டதாகக் கண்டார்கள். காரணம் எளிது: அரை மணி நேரம் வரிசையில் காத்து, நண்பர்களிடம் சொல்லி, இருக்கையைத் தனதாக எண்ணத் தொடங்கிவிட்டவர் கடைசி அடியில் பின்வாங்க மாட்டார். மனிதனின் ஆசையை அளந்து, அந்த ஆசை எவ்விடத்தில் எதிர்ப்பை இழக்கிறதோ அவ்விடத்தில் கையை நீட்டும் முறை இது. இதை வணிகத் திறமை என்று பாராட்டுவது தகாது. அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் வகுத்து, 2025 மே 12 முதல் நடைமுறைக்கு வந்த விதி, நிகழ்ச்சிச் சீட்டுகளின் முழுத் தொகையை முதலிலேயே காட்ட வேண்டும் என்கிறது. நல்ல விதிதான். ஆனால் அது தொகையைக் காட்டச் சொல்கிறதேயன்றிக் குறைக்கச் சொல்லவில்லை. மேலே கண்ட ரசீதின் தொகை இன்றாயின் முதல் திரையிலேயே 172.10 என்று தெரியும்.

மறுவிற்பனையின் பக்கம் திரும்பினால், வாசலில் நின்ற ஆளின் இடத்தைக் கணினிநிரல் பிடித்துக்கொண்டது. பாட் என்று அழைக்கப்படும் இந்நிரல், ஆயிரம் பேர் ஆயிரம் கைப்பேசிகளில் செய்யும் வேலையை ஒரே நொடியில் செய்யும். மனிதனா இயந்திரமா என்று சோதிப்பதற்காகத் திரையில் வளைந்து நெளிந்து தோன்றும் எழுத்துகளையும் கடந்துவிடும். இம்முறையில் 2002 முதல் 2009 வரை ஏறத்தாழ 15 லட்சம் சீட்டுகளை வாரிக்கொண்ட ஒரு கும்பல்மீது 2010இல் நியூ ஜெர்சியில் வழக்கு நடந்தது. நியூயார்க் மாநிலத் தலைமை வழக்குரைஞர் 2016இல் வெளியிட்ட அறிக்கை, மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த யூ2 குழுவின் நிகழ்ச்சிக்கு ஒரே தரகர் ஒரு நிமிடத்துக்குள் 1,012 சீட்டுகளை எடுத்ததைப் பதிவு செய்திருக்கிறது. அதே அறிக்கையில் இதைவிட வேதனை தரும் செய்தி வேறு: ஆராயப்பட்ட நிகழ்ச்சிகளில் சராசரியாக 16 விழுக்காடு சீட்டுகள் தொழிலில் உள்ளவர்க்கென்று ஒதுக்கப்பட்டன, 38 விழுக்காடு குறிப்பிட்ட கடன் அட்டை வைத்திருப்பவர் போன்றோர்க்கு முன்விற்பனையில் சென்றன, மீந்த 46 விழுக்காடே பொதுமக்களுக்கு வந்தது. 'பத்து நிமிடத்தில் விற்றுத் தீர்ந்தது' என்று நாளிதழ்கள் எழுதும்போது, பாதிக்கும் குறைவான சீட்டுகளே விற்பனைக்கு வந்தன என்பது வாசகருக்குத் தெரிவதில்லை. பாட்களைத் தடை செய்யும் சட்டம் 2016 டிசம்பரில் கையெழுத்தாயிற்று; அதன்கீழ் ஆணையம் எடுத்த முதல் நடவடிக்கை 2021 ஜனவரியில்தான் வந்தது.

பாடகி டெய்லர் ஸ்விஃப்ட்டின் சுற்றுப்பயணத்துக்கு 2022 நவம்பர் 15ஆம் நாள் முன்விற்பனை தொடங்கியபோது நடந்தது உலகறிந்தது. முன்பதிவு செய்துகொண்ட ரசிகர்கள் 35 லட்சம் பேர். அன்று கணினிகளை வந்து மோதிய கோரிக்கைகள் 350 கோடி என்று டிக்கெட்மாஸ்டரே கூறியது. அன்று 20 லட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகள் விற்றன. பொதுமக்களுக்கான விற்பனை நடக்கவே இல்லை, இரண்டு நாள் கழித்து அது கைவிடப்பட்டது. 49 டாலரில் தொடங்கி 449 டாலருக்குள் முகவிலை வைக்கப்பட்ட இருக்கைகள் மறுவிற்பனையில் ஆயிரக்கணக்கான டாலருக்கு ஏறின. இதையொட்டி 2023 ஜனவரி 24ஆம் நாள் மேலவைக் குழு நடத்திய விசாரணையில் பாட்களே காரணம் என்று நிறுவனம் வாதிட்டது. ஆனால் 2025 செப்டம்பரில் வணிக ஆணையமும் ஏழு மாநிலங்களும் தொடுத்த வழக்கு, தரகர்கள் எண்ணற்ற கணக்குகளை வைத்து வரம்பை மீறி வாங்குவதை அந்நிறுவனம் அறிந்தே விட்டுவைத்தது என்று குற்றம் சாட்டுகிறது. அதற்கு மனு காட்டும் காரணம் சிந்திக்க வைப்பது. ஒரே சீட்டு முதலில் தரகருக்கு விற்கப்படும்போது ஒரு கட்டணம், அதே நிறுவனத்தின் மறுவிற்பனைத் தளத்தில் தரகர் விற்கும்போது அவரிடம் ஒரு கட்டணம், அதை வாங்கும் ரசிகரிடம் மூன்றாவது கட்டணம் என்று மூன்று முறை வருவாய் கிடைக்கிறது. இவை நீதிமன்றத்தில் நிறுவப்பட வேண்டியவை என்றாலும், கட்டணமும் கள்ளவிற்பனையும் இருவேறு குறைகள் அல்ல என்பது இந்த அமைப்பைப் பார்த்த அளவிலேயே தெளிவாகிறது. சீட்டு எத்தனை கை மாறுகிறதோ அத்தனை முறை கட்டணம் வரும் இடத்தில், கை மாறுவதைத் தடுக்க யாருக்கு ஆர்வம் இருக்கும்?

இங்கே பொருளியலார் சிலரின் மறுமொழியைக் கேட்டாக வேண்டும். விலையைத் தாழ்த்தி வைப்பதனால்தான் தரகருக்கு இடம் உண்டாகிறது. சந்தை விலையையே முதலில் வைத்துவிட்டால் தரகர் மறைவார், பணமும் கலைஞருக்கே சேரும் என்பர் அவர்கள். டைனமிக் பிரைசிங் எனப்படும், தேவைக்கேற்ப விலையை ஏற்றும் முறைக்கு இதுவே நியாயம். 2022 ஜூலையில் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் சுற்றுப்பயணத்துக்கு இம்முறை பயன்பட்டபோது சில இருக்கைகள் 5,000 டாலர் வரை சென்றன. மேடையில் வியர்வை சிந்துபவருக்கு அப்பணம் வரட்டும் என்ற கருத்தில் அவரும் பின்னர் அதை ஆதரித்தார். வாதம் தர்க்கத்தில் பிழையற்றது. ஆனால் விலை கொடுக்கும் வலிமையையும் கேட்கும் விருப்பத்தையும் ஒன்றென்று கொள்கிறது. ஆலைத் தொழிலாளரைப் பற்றி வாழ்நாளெல்லாம் பாடியவரின் அரங்கில் ஆலைத் தொழிலாளர் அமர முடியாமற் போவது வெறும் கணக்கு மாற்றமன்று. 1980 முதல் அவருடைய பாடல்களுக்கென்றே வெளிவந்த பேக்ஸ்ட்ரீட்ஸ் என்னும் ரசிகர் இதழ், இவ்விலைகளால் மனம் தளர்ந்து, 43 ஆண்டுக்குப் பின் 2023 பிப்ரவரியில் தன்னை முடித்துக்கொண்டது. தரகர் எடுத்திருந்தால் அந்த ரசிகர்கள் தரகரை வெறுத்திருப்பார்கள்; வாக்குக் கொடுத்தவரே எடுத்தபோது அவர்கள் எழுதுவதையே நிறுத்திவிட்டார்கள்.

இந்தியாவுக்கும் இது வந்து சேர்ந்துவிட்டது. 2025 ஜனவரியில் நவி மும்பையில் நடைபெற்ற கோல்ட்பிளே இசைக்குழுவின் நிகழ்ச்சிகளுக்கு 2024 செப்டம்பர் 22ஆம் நாள் விற்பனை தொடங்கியபோது, 2,500 ரூபாய் முதல் 35,000 ரூபாய் வரை விலை வைக்கப்பட்ட சீட்டுகள் சில மணி நேரத்தில் மறுவிற்பனைத் தளங்களில் லட்சக்கணக்கில் விலை சொல்லப்பட்டன. அமலாக்கத் துறை பல நகரங்களில் சோதனை நடத்தியது. இதுபற்றிய பொதுநல வழக்கை 2025 ஜனவரியில் தள்ளுபடி செய்த பம்பாய் உயர் நீதிமன்றம், சட்டம் இயற்றுவது தன் வேலையன்று என்ற நிலையை எடுத்தது. 2023 செப்டம்பர் 10ஆம் நாள் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏ. ஆர். ரகுமான் நிகழ்ச்சியில் சீட்டு வைத்திருந்தும் உள்ளே நுழைய முடியாமல் திரும்பியவர்களின் குறை இதனின்று வேறுபட்டது. ஆயினும் காசு கொடுத்து வாங்கிய சீட்டு ஒரு வாக்கு என்பதையும், அது முறியும்போது ரசிகர் யாரிடம் போய் நிற்பது என்று தெரியாமல் தவிப்பதையும் அன்று தமிழ்நாடு நேரில் கண்டது.

தீர்வு என்று முன்வைக்கப்படுபவற்றுள் இரண்டு கவனத்துக்குரியவை. முதலாவது, சீட்டை வேறொருவருக்கு மாற்ற முடியாதபடி செய்து, வர இயலாதவர் முகவிலைக்கே திருப்பி விற்க வழிசெய்வது. தி கியூர் 2023இல் இதையே செய்தது; ஆனால் சீட்டு வாங்கியவருக்கு அதை மாற்றும் உரிமை உண்டு என்று சட்டம் வைத்திருக்கும் நியூயார்க், இல்லினாய், கொலராடோ ஆகிய மூன்று மாநிலங்களில் அது செல்லவில்லை. ரசிகரின் உரிமையைக் காக்க எழுதப்பட்ட சட்டம் அங்கே தரகருக்குக் கதவாயிற்று. இரண்டாவது, அயர்லாந்து 2021இல் செய்தது: 1,000 பேரோ அதற்கு மேலோ கொள்ளும் இடங்களில் நடக்கும் நிகழ்ச்சிகளின் சீட்டுகளை வாங்கிய விலைக்கு மேல் விற்பதையே அது குற்றமாக்கியது. முகவிலையைக் கலைஞரின் வாக்காகக் கொள்ளும் பார்வைக்கு இதைவிட நெருங்கி வந்த சட்டம் அரிது. சீட்டை விற்கும் ரசிகருக்கு நட்டமில்லை, வாங்குபவருக்குக் கூடுதல் சுமையில்லை, இடையில் நின்று பிழைக்க எவர்க்கும் இடமில்லை.

ஆனால் அச்சட்டம் மறுவிற்பனையை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. 2024 ஆகஸ்ட் 31ஆம் நாள், பிரிந்திருந்து மீண்டும் சேர்ந்த ஒயாசிஸ் குழு டப்ளினின் குரோக் பார்க் மைதானத்தில் நடத்தவிருந்த நிகழ்ச்சிகளுக்கு விற்பனை தொடங்கியது. 86.50 யூரோவில் தொடங்குவதாக அறிவிக்கப்பட்டிருந்த சீட்டுக்காக மணிக்கணக்கில் இணைய வரிசையில் காத்திருந்தவர்களுள் பலர், தம் முறை வந்தபோது திரையில் கண்ட விலை 415.50 யூரோ. அதை விற்றவர் தரகரல்லர். நிகழ்ச்சிக்கு உரியவர்களே நியமித்த விற்பனையாளர். அந்த 415.50தான் முகவிலை, ஆகவே 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரம்புக்குள் அது வரவில்லை. நான்கு நாள் கழித்து வெளியிட்ட அறிக்கையில் குழுவினர், சீட்டு விற்பனையையும் விலையையும் பற்றிய முடிவுகளை நிகழ்ச்சி நடத்துவோரிடமும் மேலாளர்களிடமும் விட்டுவிட்டதாகவும், இம்முறை பயன்படுத்தப்படும் என்பது தங்களுக்குத் தெரியாது என்றும் கூறினர். செப்டம்பர் 30ஆம் நாள் வட அமெரிக்க நிகழ்ச்சிகள் அறிவிக்கப்பட்டபோது, அங்கே தேவைக்கேற்ப விலையை ஏற்றும் முறை இராது என்ற அறிவிப்பும் கூடவே வந்தது. அந்த முறையை வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு ஒரு வாக்கியமே போதுமாயிருந்தது.